உப்பு நீர்விட்ட காலைகளில் எழ மறுத்த லேப்டாப்

திருவொற்றியூரிலிருந்து

பழைய லேப்டாப் ஒரேயடியாக உயிரை விட்டால் மனம் ஒருவழியாகத் தேறிவிடும். எழுந்தாலும் எழும், எழாமலும் போகும் என்ற நிலைமைதான் ஆளைத் தின்றுவிடுகிறது. இரண்டு மாதம் அதோடு மல்லாடியிருக்கிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடலோரத்தில் குடியிருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

எங்கள் வீடு வட சென்னையில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து மூன்றாவது தெரு. மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடித்தும் துரு விட்டபாடில்லை. 2013-இல் வாங்கிய லேப்டாப்பில்தான் ஒன்பது சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறேன். மாதம் 11-ஆம் தேதி விற்பனை விவரம், 20-ஆம் தேதி 3பி என்னும் மாத வரிப் படிவம். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கடைக்காரர் தலையில் விழும். விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால்தான் சமையலுக்கு முன் ஒரு கடையின் கணக்காவது முடியும்.

போன ஐப்பசியில் தொல்லை ஆரம்பித்தது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், உள்ளே மின்விசிறி சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மின்னும். திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினாலும் அதே கதைதான். ஐந்தாவது தடவையோ எட்டாவது தடவையோ திடீரென்று நிறுவனத்தின் சின்னம் வந்துவிடும். வந்துவிட்டால் இரவு பத்து மணி வரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்.

இதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. எழும் நாட்களில் கடிகாரம் 2012 ஜனவரி 1 என்று காட்டும். அந்தத் தேதியோடு வரித் தளத்தைத் திறந்தால் பாதுகாப்பில்லாத இணைப்பு என்று உலாவி வழிமறிக்கும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2012-இல் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. கையால் தேதியை மாற்றிய பிறகே வேலை நடக்கும்.

முதலில் காட்டிய கடையில் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை, போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். இரண்டாவது கடையில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி.

அந்த 500 ரூபாய் எனக்கு இன்னும் உறுத்துகிறது. சற்று யோசித்திருந்தால் மிச்சப்பட்டிருக்கும். பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் பயாஸ் என்ற சிறு தொடக்க நிரல். ரேம் என்கிற தற்காலிக நினைவகம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்ப முடிகிறதா என்று அது சோதித்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப்போய் விண்டோஸை எழுப்பும். சின்னமே வராமல் நிற்கிறதென்றால் விண்டோஸ் வரை பயணம் போகவே இல்லை. அப்படியிருக்க விண்டோஸை மாற்றி என்ன பயன்? சின்னம் வந்த பிறகு நின்றால் அது வேறு வழக்கு. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

அதன் பிறகு கணக்கு எழுதுகிறவள் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், எத்தனையாவது அழுத்தலில் எழுந்தது என்று குறித்துவந்தேன். 31 காலைகளில் 19 நாள் முதல் அழுத்தலில் எழவில்லை. மதியத்துக்கு மேல் 14 தடவை முயன்றதில் ஒரே ஒரு தடவைதான் மக்கர் செய்திருந்தது. சூடு ஏறினால் சரியாகிறது என்று மட்டும் புரிந்தது. ஏன் என்று புரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தது அம்மா. ஒரு காலை நான் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து, "இன்றைக்கும் உப்பு நீர்விட்டிருக்கிறது, உன் பெட்டி எழாது பார்" என்றார். எரிச்சலில் சொன்ன வார்த்தையா, கவனித்துச் சொன்ன வார்த்தையா என்று கேட்டேன். கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து நோட்டில் இன்னொரு கட்டம் போட்டேன்: சாடியில் கல் உப்பு உலர்ந்திருக்கிறதா, நசநசவென்று இருக்கிறதா. பத்து நாளில் எட்டு நாள் இரண்டும் ஒத்துப்போயின.

விஷயம் இதுதான். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கடற்காற்றில் வரும் உப்பு ஜன்னல் கம்பியோடு நின்றுவிடுவதில்லை. மின்விசிறி இழுக்கும் காற்றோடு லேப்டாப்புக்குள்ளும் போய்ப் படிகிறது. விடியற்காலை ஈரத்தில் அந்தப் படலம் நசநசத்துப்போய் மின் தொடர்பைக் கெடுக்கிறது. நான்கைந்து தடவை அழுத்துவதற்குள் உள்ளே கொஞ்சம் சூடு ஏறி, காய்ந்து, தொடர்பு திரும்புகிறது.

தண்டையார்பேட்டையில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். லேப்டாப் தனக்குப் பழக்கமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரின் அலைவரிசை மாற்றும் சுவிட்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளைத் தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு. "ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எனக்கு வரும் வேலையில் பாதி இதுதானம்மா. பொருள் கெட்டிருக்காது, தொடுகிற இடம் கெட்டிருக்கும்" என்றார். அவரும் நானுமாக, அவருடைய விளக்கின் கீழேயே பெட்டியைத் திறந்தோம்.

சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிவதற்காக. தண்ணீர்க் குழாயின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தையும் போக்கிக்கொண்டோம். அடிமூடியைத் திறந்தால் இரண்டு ரேம் அட்டைகள். இருபக்கக் கொக்கிகளையும் விரல் நகத்தால் விலக்கினால் அட்டை சாய்வாக மேலே எழும்பி நிற்கும், அப்படியே இழுத்துக்கொள்ளலாம். விளிம்பில் இருபுறமும் சேர்த்து 204 பொன்னிறக் கோடுகள். ஓரத்திலிருந்த பத்துப் பன்னிரண்டு கோடுகள் மட்டும் பழைய வெண்கலப் பாத்திரம் போல மங்கியிருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அவற்றின் மேல் வெண்மையாகச் சிறு பொருக்குகள்.

ரப்பரால் தேய்க்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் போய்விடும். முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தோம். முக்கால்வாசி அதிலேயே போயிற்று. பிடிவாதமாக நின்ற இரண்டு கோடுகளுக்கு மட்டும் வெள்ளை ரப்பரை ஒரே திசையில் மெல்ல இழுத்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டார். அட்டை செருகும் பள்ளத்தையும் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டோம்.

கடிகாரக் கோளாறுக்கும் ரேமுக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்ததுதான் என்னை அத்தனை நாள் அலைக்கழித்தது. பெட்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது மதர்போர்டில் நாணயம் போல ஒரு செல், பெயர் சிஆர்2032, புதிதாக இருந்தால் 3 வோல்ட் காட்டவேண்டும். மல்டிமீட்டரில் 1.9 காட்டியது. லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் உறை போட்டு, இரண்டு ஒயரும் சிறு இணைப்பானும் சேர்ந்த வகை. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் வெறும் செல்லை அதில் பொருத்த முடியாது. திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, மின்னணு உதிரிப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 120 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். ஆக மொத்தம் 6,500 ரூபாய்க்குப் பதில், ஆல்கஹால் புட்டியையும் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது. பெரியவர் தேநீருக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

ராயபுரத்திலிருந்து

சகோதரி எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சேர்க்கத் தோன்றியது. ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஓர் அச்சகத்தில் 20 வருடமாகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். என் லேப்டாப்பும் இப்படித்தான் காலை வாரிவிட்டது. ஆனால் எனக்குக் கேப்ஸ் லாக் விளக்கு மின்னவில்லை. விளக்கு ஒரு கணம் எரிந்து உடனே அணைந்துவிடும். ரேமைக் கழற்றி மாட்டி ஒரு வாரத்தை வீணாக்கிய பிறகுதான் சார்ஜரைப் பார்த்தேன். பழையது அறுந்துபோய், நடைபாதைக் கடையில் வாங்கிய மாற்றுச் சார்ஜர் அது. முனை பொருந்துகிறது, 19 வோல்ட் என்றும் எழுதியிருக்கிறது, அதனால் சரி என்று விட்டுவிட்டேன். என் பெட்டிக்கு வேண்டியது 65 வாட். அந்தச் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது 45 வாட். பேட்டரி தெம்பாக இருந்தவரை குறைந்ததை அது ஈடுகட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பேட்டரி தளர்ந்ததும் உண்மை வெளியே வந்துவிட்டது.

யாராக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனை செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் எழுகிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் மட்டும் எழுகிறதா? திருப்புளி தொடாமலே பாதி விடை கிடைத்துவிடும். சார்ஜர் முனையை லேசாக ஆட்டும்போது விளக்கு மினுக்கினால், உள்ளே அந்தத் துளை மதர்போர்டிலிருந்து கழன்றுகொண்டிருக்கலாம். அப்படியானால் அதற்குப் பற்றவைப்பு தேவை. கை பழகிய ஆளிடம் கொடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து

அக்கா, உங்கள் அம்மா உப்புச் சாடியைக் கவனித்துச் சொன்னது என்னை மிகவும் தொட்டது. என் கதை தண்ணீர்க் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. புத்தகங்களை மேலே ஏற்றிய அவசரத்தில் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த அண்ணனின் லேப்டாப்பை மறந்துவிட்டோம். தண்ணீர் வடிந்ததும் உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் பதற்றத்தில் நான் பவர் பட்டனை அழுத்திவிட்டேன். செய்யவே கூடாத காரியம் அது. நனைந்தது மட்டும் என்றால் சுத்தம் செய்து காயவைத்துப் பிழைக்கவைக்கலாம். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் உள்ளே அரிப்பும் ஷார்ட்டும் வரும் அபாயம் மிக அதிகம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுத்தம் செய்யக் கொடுத்திருக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னார்கள், அதையும் செய்தோம். சாக்கடை கலந்த தண்ணீர் விட்டுப்போன அழுக்கை அரிசி எப்படி எடுக்கும்?

அதிசயமாக அது ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு சின்னம் வரும், கீழே புள்ளிகள் சுற்றும், அங்கேயே நின்றுவிடும். காதை வைத்துக் கேட்டால் இடது உள்ளங்கை வைக்கும் இடத்தில் டிக், டிக் என்று ஓர் ஒலி. ஹார்ட் டிஸ்க். அந்த ஒலி கேட்ட பிறகு ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்துவதும் சூதாட்டம்தான். டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி பெட்டியில் போட்டு, நண்பனின் கணினியில் இணைத்து, முதலில் அண்ணனின் சான்றிதழ்களையும் பிறகு அப்பாவின் படங்களையும் பிரதி எடுத்தோம். படங்களில் பாதி வந்ததும் டிஸ்க் நின்றுவிட்டது. அப்பா இப்போது இல்லை. மீதிப் படங்களும் இல்லை. பெட்டி எழுகிற நாளில் முதல் வேலையாகப் பிரதி எடுத்துவிடுங்கள் அக்கா. பழுது பார்ப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மீண்டும் திருவொற்றியூரிலிருந்து

தம்பி, உங்கள் பதிலைப் படித்த அன்றிரவே ஒன்பது கடைகளின் கணக்கையும் வெளி டிஸ்க் ஒன்றில் ஏற்றிவிட்டேன். அப்பாவின் படங்கள் உறவினர் யாருடைய பழைய கைப்பேசியிலாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். திருமண வீட்டுப் படங்கள் பெரும்பாலும் நாலு பேரிடம் இருக்கும்.

ராயபுரத்து அண்ணன் சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்து பார்த்தேன். என் சார்ஜர் சரியாக இருக்கிறது.

விட்டுப்போன ஒன்றையும் சொல்லவேண்டும். துடைத்து மாட்டிய பதினேழாம் நாள் காலை மறுபடி அதே கறுப்புத் திரை. பெரியவரிடம் போகாமல் நானே திறந்தேன். ஓர் அட்டையை மட்டும் முதல் பள்ளத்தில் போட்டேன், எழுந்தது. மற்ற அட்டையை அதே பள்ளத்தில் போட்டேன், எழுந்தது. எதை இரண்டாவது பள்ளத்தில் போட்டாலும் எழவில்லை. ஆக, அட்டைகள் இரண்டும் நல்லவை. அந்தப் பள்ளத்தின் ஊசிகளுக்குள் அரிப்பு ஆழமாகப் போய்விட்டது. அதைக் காலியாக விட்டுவிட்டு 4 ஜிபி அட்டை ஒன்றோடு ஓட்டுகிறேன். உலாவியில் நான்கு பக்கங்களுக்கு மேல் திறந்தால் மூச்சு வாங்குகிறது. 3பி படிவத்துக்கு ஒரு பக்கம் போதும்.

இரவில் இப்போது லேப்டாப்பை ஜன்னலோர மேசையில் வைப்பதில்லை. மூடி இறுக்கமாகப் பொருந்தும் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் ஏழெட்டோடு வைக்கிறேன். வேலை முடிந்த கையோடு உள்ளே வைப்பதில்லை. சூடு ஆறிய பிறகுதான். அம்மா உப்புச் சாடியில் ஒரு பிடி அரிசியை முடிந்து போட்டிருக்கிறார். நோட்டில் உப்புக்கான கட்டத்தை அடித்துவிட்டு, வெறும் தேதியும் அழுத்திய எண்ணிக்கையும் மட்டும் எழுதிவருகிறேன். நேற்று வரை 23 காலைகள், எல்லாவற்றிலும் 1.