பொதுவில் போட்டால்தான் சாஃப்ட்வேர் கம்பெனி திரும்பிப் பார்க்குமா?

மஞ்சக்குப்பம் மெடிக்கல்:
கடையில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர், பெயர் வேண்டாம். அப்டேட் போட்டதும் எல்லா மருந்துக்கும் ஒரே காலாவதி தேதி காட்டியது. மெயில் போட்டால் புகார் டிக்கெட் பதிவாகிவிட்டது என்ற அதே பதில்தான் திரும்பத் திரும்ப. ஸ்க்ரீன்ஷாட்டை எக்ஸ் தளத்தில் போட்டு கம்பெனியை டேக் பண்ணினேன், சாயங்காலமே போன் வந்தது. இனி யார் கேட்டாலும் நேராகப் பொதுவில் போடச் சொல்வேன்.

முத்தியால்பேட்டை சப்போர்ட்:
அண்ணே, புதுச்சேரியில் நான் பார்ப்பதே இந்த வேலைதான். சோஷியல் மீடியாவுக்குத் தனி டீம், அங்கே வந்தது நேராக மேலே போகும், முறைப்படி மெயில் போட்டுக் காத்திருந்தவர் அப்படியே கீழே போவார், அவருக்கு எக்ஸ் கணக்கே இருக்காது. உங்கள் வேலை முடிந்தது, கம்பெனி விதி மாறவில்லையே.

மஞ்சக்குப்பம் மெடிக்கல்:
ஏன் மாறாது தம்பி? 2023 செப்டம்பரில், கேம் செய்வதற்கான சாஃப்ட்வேர் தரும் யூனிட்டி கம்பெனி, கேம் எத்தனை முறை இன்ஸ்டால் ஆகிறதோ அதற்கேற்பக் கட்டணம் என்றது. கேம் செய்பவர்கள் கொதித்ததும் அதே மாதம் தளர்த்தி, அடுத்த வருஷம் முழுசாகவே கைவிட்டது.

முத்தியால்பேட்டை சப்போர்ட்:
அது விலை விஷயம். சப்போர்ட் முறை மாறியதற்கு ஒன்று சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம்:
நான் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் எச்பி, பிரிட்டன், ஜெர்மனி உட்பட சில நாடுகளில் போன் பண்ணுகிறவர்களை வேண்டுமென்றே 15 நிமிஷம் காக்க வைத்தது, சலித்துப்போய் இணையதளத்திலேயே விடை தேடிக்கொள்ளட்டும் என்று. செய்தி வெளியே வந்து பேச்சானதும் நிறுத்திவிட்டது.

முத்தியால்பேட்டை சப்போர்ட்:
அது எல்லோரையும் பாதித்த விதி, அதனால் எல்லோருக்கும் மாறியது. தனித்தனிப் புகாரில் சத்தம் போட்டவருக்கு ரீஃபண்ட், போடாதவருக்கு டெம்ப்ளேட் பதில், அவ்வளவுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்கள், கடலூரிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகார் கட்டணமும் கிடையாது.

மஞ்சக்குப்பம் மெடிக்கல்:
கடைக்கு வாங்கியது வணிக நோக்கம், நான் நுகர்வோரே இல்லை என்று கம்பெனிக்காரர்கள் அங்கே முதலில் அதையே கிளப்புவார்கள், அதை அவர்கள் நிரூபித்துவிட்டால் சொந்தப் பிழைப்புக்குத்தான் என்று நான் நிரூபிக்க வேண்டும். அதுவரைக்கும் தப்பான தேதியோடு பில் போட்டு மாத்திரை கொடுக்கவா? அதை என்னால் செய்ய முடியாது.

முத்தியால்பேட்டை சப்போர்ட்:
சரி, போடுங்கள். ஆனால் கம்பெனியைத் திட்டி மட்டும் போடாதீர்கள், எந்த வெர்ஷன், எந்தப் பக்கத்தில் பிழை என்று எழுதுங்கள், வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிடுங்கள். உங்களுக்குச் சரியானதும் எப்படிச் சரியானது என்று அதற்குக் கீழேயே போடுங்கள். அதே அப்டேட்தானே பண்ருட்டிக் கடைக்கும் போயிருக்கும்.