ஆட்டின் ராணி எங்கே?

கயல்விழி: மாமா, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மூன்று கோப்பைகளுக்குள் சிறு பந்தை ஒளித்து ஒருவன் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தான், முன்வரிசையில் நின்றவர்கள் அடுத்தடுத்து ஜெயித்தார்கள். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராணியை இரண்டு கறுப்புச் சீட்டுகளோடு கவிழ்த்துப் போட்டு, ராணி எங்கே என்று கேட்கும் அதே வகையான மூன்று சீட்டு ஆட்டத்தைக் கல்லூரி விழாவில் மந்திர வித்தையாகச் செய்ய விரும்புகிறேன். கையை எவ்வளவு வேகமாக ஓட்டப் பழக வேண்டும்?

சுமதி: நீ பணம் எதுவும் கட்டவில்லையே, கயல்?

கயல்விழி: இல்லை அம்மா, தள்ளி நின்று பார்த்ததோடு சரி.

செல்வம் மாமா: வேகமே வேண்டாம், கயல். ஒரு கையில் இரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது இடைவெளி விட்டுப் பிடித்து, கீழே இருப்பது ஆட்டின் ராணி என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு, கையை வீசும்போது மேலிருக்கும் கறுப்புச் சீட்டை நழுவவிட வேண்டும். நிதானமாகச் செய்தால்தான் கீழிருந்தது விழுந்ததாகப் பார்ப்பவர் நம்புவார்.

சுமதி: உற்றுப் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடாதா, அண்ணா?

செல்வம் மாமா: அவருக்காகவே மூலை மடிப்பு இருக்கிறது, சுமதி. ஆட்டக்காரன் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது கூட்டாளி ஒருவன் ராணியின் மூலையை லேசாக மடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கண்ணடிப்பான். அடுத்த வீச்சிலேயே ஆட்டக்காரன் அந்த மடிப்பை நிமிர்த்தி, கறுப்புச் சீட்டில் அதே மூலையை மடித்துவிடுவான். ஏமாற்றுகிறவனையே மடக்கிவிட்டதாக எண்ணி அந்த மனிதர் கையிலிருப்பதையெல்லாம் வைக்கிறாரே, இந்த ஆட்டத்தில் என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

அரவிந்த்: மூன்றில் ஒன்று என்ற கணக்கில் எப்போதாவது சரியான சீட்டில் கட்டிவிடுவார்களே, மாமா?

செல்வம் மாமா: கட்டினாலும் பணம் வராது. கூட்டாளி உடனே தவறான சீட்டில் அதைவிடப் பெரிய தொகையை வைப்பான். பெரிய பந்தயத்தை மட்டுமே ஏற்பேன் என்பான் ஆட்டக்காரன். அதுவும் முடியாவிட்டால் ‘போலீஸ்’ என்று ஒரு குரல் எழும், கும்பல் கலைந்துவிடும். கயல் பார்த்த வெற்றியாளர்களும் இத்தகைய கூட்டாளிகளாகத்தான் இருப்பார்கள். 1898 ஜூலையில் அலாஸ்காவின் ஸ்காக்வே நகரில், தங்கம் தோண்டித் திரும்பிய ஒருவரிடம் ‘சோப்பி’ ஸ்மித்தின் கும்பல் மூன்று சீட்டை விரித்துத்தான் சுமார் 2,700 டாலர் மதிப்புள்ள தங்கத்தைப் பறித்தது. ஊர் கொதித்தெழுந்தது, மறுநாளே படகுத்துறையில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஸ்மித் உயிரிழந்தான்.

கயல்விழி: அப்படியானால் கைத்திறனை மட்டும் காட்டினால் பாதி வித்தையைத்தான் காட்டியதாகும். தோழி ஒருத்தியைப் பார்வையாளர்களிடையே உட்கார வைத்து ஜெயிக்கவிட்டு, முடிவில் அவள் எழுந்து தான் யார் என்று சொல்லட்டுமா?

செல்வம் மாமா: கட்டாயம் சொல்ல வேண்டும், பணமும் வைக்கக் கூடாது. மூலையை மடித்து நிமிர்த்துவதை ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் செய்து காட்டு. இரண்டு கைகளும் தெரியும்படி செல்பேசியை வை.