மணல் சட்டிக் கேக்கும் மயிலிட்டிக் குசினியும்

புதிதாகத் தொழில் தொடங்கினவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கோ என்று கேட்டிருந்தீர்கள். நான் பெரிய தொழில் ஒன்றும் நடத்தவில்லை. வீட்டில் இருந்து கேக் செய்து கொடுக்கிறேன், பிறந்தநாள், முதல் நன்மை, சாமத்திய வீடு, நத்தார் என்று வருடம் முழுக்க ஏதோ ஒரு ஓடர் இருக்கும். எனக்கு இதைக் கையில் பிடித்துத் தந்த ஒரு மனிசியைப் பற்றி எழுதவேண்டும் என்று கனகாலமாக மனதில் கிடந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கள் சொந்த ஊர் யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிற மயிலிட்டி. 1990 ஜூனில் சண்டை தொடங்கி எங்கள் பகுதியான வலிகாமம் வடக்குச் சனம் எல்லாம் கிளம்பினபோது நாங்களும் கிளம்பினோம். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் அம்மா நெல்லுக் குதிரின் மூடியைக்கூடப் போட்டுவிட்டு வரவில்லை. எங்கெங்கோ நின்று கடைசியில் சில்லாலையில் ஒரு வீட்டின் பின்பத்தி கிடைத்தது. முன்பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை தனியாக இருந்தார், ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், நாங்கள் சைவம். மயிலிட்டியில் இருந்த காலத்தில் கேக் என்றால் எங்களுக்கு நத்தார் அன்று வேலிக்கு மேலால் வருகிற துண்டுதான், பொங்கலுக்கு நாங்கள் அதே தட்டில் புக்கை வைத்துத் திருப்பிக் கொடுப்போம். அது எப்படிச் செய்கிறது என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பிறகு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 90இல் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடை என்று மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், சீமெந்து ஒன்றும் ஒழுங்காக உள்ளே வராது. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணத்துக்கு மாவும் சீனியும் தந்தால் அதை வைத்துத்தான் கிழமை ஓடவேண்டும், தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த வீடுகள்தான் கூட. இப்படியான நிலைமையில், அந்த வருடம் கார்த்திகை கடைசியில், ரீச்சர் அம்மாவிடம் வந்து “பிள்ளை, நத்தாருக்குக் கேக் அடிக்கப்போறன், கைக்கு ஆள் வேணும், உன்ர மகளை விடு” என்று கேட்டார். அம்மா திகைத்துப் போனா. எதை வைத்து அடிக்கிறது?

ரீச்சரிடம் அதற்குப் பதில் இருந்தது. நத்தார் கேக்குக்கு ரவை வேணும், ரவை இல்லை, ஆகவே பச்சையரிசியை உரலில் இடித்து மாவை அரித்து எடுத்துவிட்டு மிஞ்சின குறுணலை வறுத்து வைத்தார். பிளம்ஸ், பேரீச்சம்பழம் இல்லை. அதற்குப் பனம்பழக் களியைக் காயவைத்துப் பாணியில் ஊறப்போட்ட பாணிப் பனாட்டை எடுத்துச் சின்னச் சின்னதாக வெட்டினார், ஒட்டாமல் இருக்க கத்தியில் எண்ணெய் தடவித் தடவி. நீற்றுப்பூசணிக்காய் ஒன்றை அரைவாசி பனங்கட்டிப் பாகிலும் அரைவாசி சேர்த்துவைத்த சீனிப் பாகிலும் போட்டுத் தோசி காய்ச்சினார். மரமுந்திரிகை விதையைச் சுட்டு உடைப்பது என்னுடைய வேலை, அந்தப் பால் பட்டுக் கையெல்லாம் தோல் உரிந்தது. கராம்பும் ஏலக்காயும் மட்டும் காசு கொடுத்து வாங்கினது.

பட்டர் விஷயத்தில்தான் நான் முதல்முதல் ஒரு பாடம் படித்தேன் என்று சொல்லலாம். பட்டரும் இல்லை, மாஜரினும் இல்லை, பக்கத்து வீட்டு மாட்டுப்பால் நெய் கொஞ்சமும் தேங்காய் எண்ணெயும்தான். எண்ணெய்தானே, ஊற்றினால் சரி என்று நினைக்கிற இடம் அது. ரீச்சர் என்னை இருத்திவைத்துச் சொன்னார்: பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது பட்டருக்குள் காற்றுப் பிடிக்கும், அந்தக் காற்றுத்தான் பிறகு கேக்கைத் தூக்கும், எங்கட வெயிலுக்கு உருகி நிற்கிற தேங்காய் எண்ணெய் காற்றைப் பிடிக்காது. அப்ப காற்றை எங்கே பிடிக்கிறது? முட்டை வெள்ளையில். வெள்ளைக்கருவைத் தனியாக ஒரு மண்சட்டியில் விட்டு, ஒரு பிடி ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி அதால் அடித்தோம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரைக்கும் மாறி மாறி அடித்தோம். அப்பச்சோடா போட்டால் கூடவே தேசிக்காய்ப்புளி விடவேணும், புளி சேராத சோடா சரியாகப் பொங்காது, சவர்க்கார வாசம்தான் அடிக்கும் என்பதும் அவர் சொன்னதே. இல்லாத சாமானுக்குப் பதிலாக எதைப் போடுகிறது என்று ஊரில் எத்தனையோ பேருக்குத் தெரியும். அந்தச் சாமான் கேக்குக்குள் என்ன வேலை செய்தது என்று கேட்டுவிட்டு அந்த வேலைக்கு வேறு ஆள் தேடுகிறவரை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

கேக்கை வேகவைக்கப் போறணை கிடையாது. மாதகல் கரையில் இருந்து கொண்டுவந்த மணலை நல்ல தண்ணியில் கழுவிக் காயவைத்திருந்தார். பெரிய அலுமினியச் சட்டியின் அடியில் மணல், மணலுக்கு மேல் ஓட்டுத்துண்டு, அதற்கு மேல் கேக் தட்டு, வாயை மூட ஒரு தகரத் தட்டு, தகரத்தின் மேல் சிரட்டைத் தணல். கீழே தணல் குறைவு, மேலே கூட. சூடு எப்போதும் மேலேதான் ஏறும், கீழேயும் நிறையப் போட்டால் அடி கருகிவிடும், நடு வேகாது. கேக் வெந்துவிட்டதா என்று பார்க்க ஈர்க்குத்தான், குத்தி எடுத்தால் ஈரம் ஒட்டக்கூடாது. அந்தக் கேக்கைச் சின்னச் சதுரமாக வெட்டிப் பழைய கொப்பித் தாளில் சுற்றி அந்த ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டுக்கும், இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் இருந்த சனத்துக்கும் கொடுத்தார். ருசி இன்றைக்கும் நினைவிருக்கிறது, பனாட்டின் அந்த லேசான கசப்பும் கராம்பும் சேர்ந்த ஒரு ருசி. இப்போது இறக்குமதிப் பழமெல்லாம் போட்டுச் செய்கிற கேக்கில் அது இல்லை, இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தால் எல்லாச் சனத்தோடும் நாங்களும் மழைக்குள் தென்மராட்சிக்குப் போனோம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு கதையாகிவிடும். அடுத்த வருடம் சித்திரையில் திரும்பி வந்தோம், ரீச்சரும் வந்தார், ஆனால் நாங்கள் சில்லாலைக்குப் போகாமல் கொக்குவிலில் வாடகைக்கு இருந்தோம். ஒவ்வொரு மார்கழியும் ஒரு நாள் போய் அவருக்குக் கைக்கு நிற்பேன். இராணுவத்திடம் இருந்த எங்கள் காணி விடுபடும்போது அவர் உயிரோடு இல்லை.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் திறந்தார்கள், எங்கள் துண்டு அதற்குப் பிறகுதான் கிடைத்தது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. கிணறு இருந்தது, விறாந்தையின் சிவப்புச் சீமெந்து நிலம் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இருந்தது, மற்றதெல்லாம் பற்றை. பற்றை வெட்டி, கிணறு இறைத்து, சின்னதாக ஒரு வீடு கட்டி, நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். உள்ளே மாபிள் போட்ட குசினி, காஸ் அடுப்பு எல்லாம் வைத்த பிறகும் அம்மா ஒரே பிடியாக நின்று வெளியே ஒரு விறகடுப்புக் கொட்டிலும் போடவைத்தா. காசு முட்டுப்பாடான நேரத்தில் இது ஏன் என்று வீட்டில் எல்லாரும் கேட்டோம். “இருக்கட்டும் பிள்ளை” என்று சொன்னா, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. என் கணவர் வேலை செய்த இடத்தில் ஆட்களை நிற்பாட்டினார்கள். ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண்காரர்தான் அப்போது எங்களுக்கு வெளியுலகம். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று ஒரு பட்டர் கேக் செய்தேன், பக்கத்து வீட்டில் கேட்டார்கள், அவர்களின் சொந்தக்காரர் காங்கேசன்துறையில் இருந்து கேட்டார்கள், அப்படியே தொழிலாகிவிட்டது. மின்சார வெதுப்பி ஒன்று தவணைக்கு எடுத்தோம்.

அப்புறம் 2022, நாடு முழுக்கப் பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, காஸ் சிலிண்டர் கண்ணால் காணவும் கிடைக்காது, மா விலை கிழமைக்குக் கிழமை ஏறுகிறது. அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்பு 14ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு 17ஆம் திகதி, இரண்டும் ஒரே கிழமையில். ஓடர் எல்லாம் முற்பணத்தோடு எடுத்துவிட்டேன். கணவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார். நான் வெளிக்கொட்டிலுக்குப் போய்ப் பெரிய சட்டியை எடுத்து மணலைப் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் சிரட்டை கொளுத்தத் தொடங்கினா. இரவு பகலாக இரண்டு பேரும் அடுப்படியில் நின்றோம். சாமான் விலையைப் பார்த்து றிச் கேக்கில் பாதிப் பழத்துக்குப் பனாட்டு வெட்டிப் போட்டேன், வாங்கினவர்களிடம் முதலே சொல்லித்தான் கொடுத்தேன், ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதான ஒரு ஐயா துண்டை வாயில் வைத்துவிட்டு “இது 91, 92இல சாப்பிட்ட கேக் பிள்ளை” என்றார். அவருக்கு மேலே பேச வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இப்போது எல்லாம் கிடைக்கிறது. கலவை மா பெட்டியில் வருகிறது, தண்ணியும் முட்டையும் விட்டால் கேக். அவசரத்துக்கு யாரும் செய்யட்டும், ஆனால் புதிதாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகள் அதில் தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பெட்டி வராத நாள் ஒன்று வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. என்னிடம் பழகவருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் வெதுப்பியைக் காட்டமாட்டேன், ஈர்க்குக் கட்டைக் கொடுத்து முட்டை வெள்ளையை அடிக்கச் சொல்வேன்.

*

அச்சுவேலியில் இருந்து ஒரு தம்பி:

அக்கா, வாசித்து முடிக்க நேரமெடுத்தது, இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தேன். எங்கட அப்பப்பா காலத்தில் இருந்து பேக்கரிதான். விறகுப் போறணை. விறகை உள்ளே எரித்துத் தணலை வழித்து வெளியே எடுத்துவிட்டு, செங்கல் பிடித்து வைத்திருக்கிற சூட்டில்தான் வேலை முழுக்க. நல்ல சூட்டில் பாண், அது இறங்கினதும் பணிஸ், அதற்குப் பிறகு கேக், கடைசியில் விடியும்வரை ரஸ்க் கிடந்து காயும். மார்கழி வந்தால் சுற்றுவட்டாரத்து வீடுகளில் கேக் அடித்துத் தட்டோடு கொண்டுவருவார்கள், பாண் இறக்கின பிறகு வைத்துக் கொடுப்போம். எந்தத் தட்டு யாருடையது என்று மாறாமல் இருக்க ஒவ்வொரு தட்டிலும் ஒரு அடையாளம், சிலர் நூல் கட்டுவார்கள், சிலர் ஆணியால் கீறியிருப்பார்கள். 2022இல் மா இல்லாமல் சில நாள் போறணை அணைந்துதான் கிடந்தது. கொஞ்ச காலம் வெளிநாடு போகிற யோசனையிலும் இருந்தேன். போகவில்லை, இந்த மார்கழிக்கும் தட்டு வாங்குவோம். உங்கட பக்கத்தில் யாருக்கும் வைக்கவேணும் என்றால் பின்னேரம் கொண்டுவரச் சொல்லுங்கோ.

*

குருநகரில் இருந்து:

அக்கா, அளவு சொல்லுங்கோ. அம்மம்மா எல்லாம் றாத்தலில்தான் சொல்வா, எனக்கு அது விளங்கவில்லை. பனாட்டுக் கசக்காதா?

*

தங்கச்சி, ஒரு றாத்தல் 454 கிராம். கடையில் 227 கிராமில் வருகிற பட்டர் கட்டி சரியாக அரை றாத்தல். பழைய பட்டர் கேக்குக்கு மா, சீனி, பட்டர், முட்டை நாலும் ஒரே நிறை. ஓட்டை நீக்கினால் ஒரு முட்டை 50 கிராம் அளவில் வரும், ஆகவே ஒரு றாத்தலுக்கு 9 முட்டை, நாட்டுக்கோழி முட்டை என்றால் சின்னது, நிறுத்துத்தான் போடவேணும். முதலில் அரை றாத்தலில் செய்து பாருங்கோ.

பனாட்டு கொஞ்சம் கசக்கும். புதுப் பனாட்டை விட ஒரு வருடம் பாணியில் கிடந்ததில் கசப்புக் குறைவு. மெல்லிசாக வெட்டி, வறுத்த ரவையோடு முதல் நாள் இரவே பிசைந்து வைத்துவிடுங்கோ, ஊறினால் கடினமாகக் கடிபடாது. பழத்தின் நிறையில் பாதிக்கு மேல் போடவேண்டாம். மணல் சட்டியில் வைப்பதாக இருந்தால் மணலை மட்டும் அரைமணித்தியாலம் முதலே சூடாக்கி வையுங்கோ, கேக்கை வைத்த பிறகு மூடியைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. மேலே வைத்த தணல் சாம்பல் பூத்ததும் புதுத் தணலை விளிம்பைச் சுற்றி மட்டும் வையுங்கோ, நடுவில் வேண்டாம். தம்பி சொன்னது போல அச்சுவேலிக்குக் கொண்டுபோக முடிந்தால் அதுவும் நல்லதுதான், தட்டில் நூல் கட்ட மறக்கவேண்டாம்.