‘ஓகே’ சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வரலாம்

திருச்சிக்காரன்:
வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். வேலை நிமித்தமாக நான் வெளியூரில் இருந்தேன். சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் பார்த்த மேஸ்திரி வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். பாசிப் பச்சை, நடுவில் திராட்சைக் கொத்து. பஸ்ஸில் நின்றுகொண்டே ‘ஓகே’ என்று தட்டினேன். படம் வந்தது, இரவு மனைவியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்பது என் கணக்கு. ஒட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பினால், முக்கால் சுவர் முடிந்திருக்கிறது. “நீங்கள்தானே சார் ஓகே சொன்னீர்கள்?” என்று போனைத் திறந்து காட்டினார்.

‘சரி’ என்று எழுதியிருந்தாலும் இதே கதிதான் என்கிறாள் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரி என்று எழுதக் கை போயிருந்தால், எது சரி என்று ஒரு கணமாவது யோசித்திருப்பேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கோபுரவாசி:
விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வானொலிப் பேச்சில் இந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்வார்கள். ‘ரோஜர்’ என்றால் நீ சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான், சம்மதம் அல்ல. ‘வில்கோ’ என்றால் புரிந்தது, அப்படியே செய்கிறேன். ‘அஃபர்ம்’ என்றால் ஆம். ‘அப்ரூவ்ட்’ என்றால் நீ கேட்டதற்கு அனுமதி தந்தாயிற்று. நீங்கள் சொன்னது ரோஜர். மேஸ்திரி காதில் விழுந்தது அப்ரூவ்ட்.

பயிற்சிக் காலத்தில் ஒரு தடவை வாய் தவறி விமானி ஒருவரிடம் ஓகே என்றேன். பக்கத்தில் நின்ற மேலதிகாரி திட்டவில்லை. ஒரு தாளில் தேதியை மட்டும் எழுதி என் முன் வைத்தார்: 1977 மார்ச் 27.

அன்று கேனரித் தீவுகளில் உள்ள டெனெரீஃபில் கடும் மூடுபனி. ஓடுபாதையின் முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் 747 விமானம். அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கேஎல்எம் துணை விமானி, தாங்கள் இப்போது ‘டேக்ஆஃபில்’ இருப்பதாகச் சொல்கிறார். கிளம்பத் தயார் என்றும் கொள்ளலாம், கிளம்பிவிட்டோம் என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ‘ஓகே’ என்று பதில் வருகிறது. சிறு இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்கிறார் கட்டுப்பாட்டாளர். அதே நொடியில் பான் ஆம் விமானியும் பேச, இரண்டு குரல்களும் அலைவரிசையில் மோதிக் கீச்சொலியாகிவிட்டன. கேஎல்எம் அறையில் தெளிவாகக் கேட்டது அந்த ஓகே மட்டும். ஓடத் தொடங்கிய கேஎல்எம் விமானம் பான் ஆம் மேல் மோதியது. இறந்தவர்கள் 583 பேர். ஒரு சொல்லின் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். அனுமதி வராமலே விமானத்தைக் கிளப்பியது தலைமை விமானி. ஆனால் அதற்குப் பிறகுதான் எங்கள் வாய்க்குக் கடிவாளம் இறுகியது. புறப்பட அனுமதி தரும்போதோ, தந்ததை ரத்து செய்யும்போதோ தவிர ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லே வரக்கூடாது.

கடல்குதிரை:
பெரிய கதைக்குப் பின்னால் என் சின்னக் கதை. புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்றுக்கொண்ட முதல் நாள். நீருக்கடியில் பயிற்சியாளர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். ‘நன்றாக இருக்கிறாயா?’ என்ற கேள்வி அது. அதே வளையத்தைத் திருப்பிக் காட்டினால் பதில். எனக்கு ஒரே குஷி. பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திவிட்டேன். முக்குளிப்பவர்களுக்கு அது ‘மேலே போகலாம்’. உடனே என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போதுதான் ஒரு மீன் கூட்டம் பக்கத்தில் வந்திருந்தது.

கப்பல்காரன்:
அந்த வளையத்தைப் பிரேசிலில் மட்டும் காட்டிவிடாதீர்கள். துறைமுகத்தில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியிடம் காட்டிவிட்டு நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. அங்கே அது கெட்ட வார்த்தை. ஜப்பானில் அதுவே பணம்.

ஆங்கில வாத்தியார்:
ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், “ஓகேக்கு விரிவாக்கம் என்ன சார்?” என்று கேட்டான். நான் தெரிந்த மாதிரி ஏதோ அமெரிக்கப் பூர்வகுடிச் சொல் என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து தேடினால் வெட்கமாகப் போய்விட்டது. அது ஒரு பத்திரிகைக் கேலி. 1830களில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு, சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி முதலெழுத்தால் சுருக்குவது ஒரு விளையாட்டு. ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ ஆக்கி, ஓ.கே. என்று 1839 மார்ச் 23 அன்று ஒரு பாஸ்டன் நாளிதழ் அச்சிட்டது. அதாவது, எல்லாம் சரி என்று சொல்லும் சொல்லே எழுத்துப்பிழையில் பிறந்தது!

அந்த விளையாட்டில் வந்த மற்றச் சுருக்கங்கள் பெரும்பாலும் செத்துப்போயின. இது பிழைத்ததற்குத் தேர்தல் கைகொடுத்தது. 1840இல் மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் ஊர்க்காரர். ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்ற பட்டப்பெயரை வைத்து ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கங்கள் தொடங்கினார்கள். அவர் தோற்றார், சொல் ஜெயித்தது. இதையெல்லாம் 1960களில் தோண்டி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற பேராசிரியர். மறுநாள் வகுப்பில் என் தவறை ஒப்புக்கொண்டேன். அந்தப் பையன் சொன்ன பதில், “ஓகே சார்.”

இரவு ஷிப்ட்:
நான் செவிலியர். ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் மாத்திரை மாற்றத்தை விளக்கிவிட்டு “ஓகேயாம்மா?” என்பார். “ஓகே சார்” என்பார்கள் நோயாளிகள். அவர் கதவைத் தாண்டியதும் என் கையைப் பிடித்து, “டாக்டர் என்ன சொன்னார் கண்ணு?” எங்கள் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் ‘உம்’ கொட்டுவோமே, அந்த உம்தான் இது. பாதித் தூக்கத்திலும் வாய் கொட்டிக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் நான் அப்படிக் கேட்பதே இல்லை. “ராத்திரி எந்த மாத்திரை போட வேண்டும், எனக்குச் சொல்லுங்கள்” என்பேன். பாதிப் பேர் முழிப்பார்கள். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து சொல்வேன்.

திருச்சிக்காரன்:
டைல்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: பெயர்த்துவிட்டு வேறு ஒட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். தொகையைச் சொன்னார் மேஸ்திரி. “ஓகே” என்றேன். “ஓகே என்றால் பெயர்க்கவா, விட்டுவிடவா சார்?” என்றார். விட்டுவிடச் சொன்னேன். தோசை வார்க்கும்போதெல்லாம் திராட்சைக் கொத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.