சான் காண்டிடோ: பிள்ளைகளோடு இத்தாலிய மலையூருக்குப் போகிறவர்களுக்கு (நால்வரின் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மலைப்பாதை

டோலமைட் மலைகளின் வடகிழக்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி 1,175 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. முதல் உலகப் போர் வரைக்கும் ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி. அதனால் கடையில், பேருந்தில் ஜெர்மன்தான் அதிகம் காதில் விழும். பலகைகளில் இன்னிக்கன் என்றும் இருக்கும், சான் காண்டிடோ என்றும் இருக்கும். பக்கத்து டோபியாகோவுக்கு டோப்லாக் என்று இன்னொரு பெயர். டிக்கெட் தேடும்போது ஒரு பெயரில் ஊர் அகப்படவில்லையென்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

வெரோனா பக்கமிருந்து வந்தாலும் இன்ஸ்புருக் பக்கமிருந்து வந்தாலும் ஃபோர்டெட்சாவில் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். இந்தப் பாதையில் அவ்வப்போது பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவார்கள். பேருந்தில் குழந்தையின் தள்ளுவண்டிக்கு இடம் கிடைப்பது சிரமம். தேதி முடிவு பண்ணுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

தங்குமிடத்தில் சூட்டிரோல் (இந்த மாநிலத்தின் ஜெர்மன் பெயர்) கெஸ்ட் பாஸ் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இருந்தால் மாநிலத்துக்குள் பேருந்தும் ரயிலும் இலவசம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதை இயந்திரத்தில் காட்ட வேண்டும். பையிலேயே வைத்திருந்தால் பரிசோதகர் ஒத்துக்கொள்ள மாட்டார். சைக்கிள் அதில் சேராது.

இருசக்கரம்

இந்த ஊருக்குக் குடும்பங்கள் வருவதே முக்கால்வாசி சைக்கிள் பாதைக்காகத்தான். டிராவா ஆற்றை ஒட்டியே ஆஸ்திரியாவின் லியன்ஸ் வரை 44 கிலோமீட்டர். "முழுக்க இறக்கம், சின்னக் குழந்தைகூடப் போகலாம்" என்று எல்லோரும் சொல்வதை அப்படியே நம்பாதீங்க. கணக்கு இதுதான்: புறப்படும் இடம் 1,175 மீட்டர், வழியில் வரும் சில்லியான் ஊர் 1,103, லியன்ஸ் 673. அதாவது சில்லியான் வரை, முதல் 15 கிலோமீட்டருக்குள் இறங்குவது வெறும் எழுபது மீட்டர். பிள்ளைங்க மிதிச்சுத்தான் ஆகணும். மிச்சமுள்ள முப்பது கிலோமீட்டரில்தான் நானூற்றுச் சொச்சம் மீட்டர் இறங்குது. கால் ஓய்ந்துபோன நேரத்தில் கைக்கு வேலை வந்து சேரும்.

குழந்தைகள் விழுறது பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியில்தான். சின்னக் கையால் நெடுநேரம் பிரேக்கை அழுத்திப் பிடிச்சா விரல் மரத்துப்போகும். அப்புறம் வளைவில் பிடி கிடைக்காது, இல்லைன்னா பயத்தில் முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடிப்பாங்க. வாடகைக் கடையிலேயே பிரேக் கைப்பிடியைக் குழந்தையின் விரலுக்கு எட்டுற மாதிரி உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்க. ஒரு சின்ன ஸ்குரூவைத் திருப்பினால் போதும், ரெண்டு நிமிஷ வேலை. ஆனா கேட்டால்தான் செய்வாங்க. கிளம்புமுன் ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லி ஸ்டேஷன் முன்னாடியே நாலு சுற்று ஓட்ட விடுங்க.

அடுத்தது காற்று. நல்ல வெயில் நாளில் பள்ளத்தாக்கு சூடேறி, மத்தியானத்துக்கு மேல் காற்று கீழேயிருந்து மேலே வீசும். லியன்ஸ் நோக்கிப் போறவங்களுக்கு நேர் எதிர்க்காற்று. பதினொரு மணிக்குக் கிளம்பினவங்க "இறக்கம்னு சொன்னாங்களே" என்று புலம்புறது இதனால்தான். ஒன்பது மணிக்குள் பெடலில் கால் வையுங்க.

எட்டு வயசுக்குக் கீழே என்றால் சில்லியானோடு நிறுத்திக்கலாம், அங்கே ரயில் நிலையம் இருக்கு. கொஞ்சம் தள்ளி ஹைன்ஃபெல்ஸில் லோவாக்கர் வேஃபர் கடை பாதை ஓரத்திலேயே இருக்கு. அதைச் சொல்லித்தான் பல குழந்தைகளை அவ்வளவு தூரம் மிதிக்க வைக்கிறாங்க. திரும்பும் ரயிலில் பிற்பகல் முழுக்க சைக்கிள் கூட்டம். லியன்ஸிலேயே சைக்கிளை ஒப்படைக்க விடும் கடையில் எடுத்தால் கை வீசி ஏறலாம்.

எல்லை தாண்டுறதால் சட்டமும் மாறும். ஆஸ்திரியாவில் 12 வயசுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம், பின்னால் இழுக்கும் டிரெய்லரில் உட்காரும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். ரெண்டும் ஷெங்கன் நாடுதான், ஒற்றை நுழைவு விசா போதும். ஆனா எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கணும். ரயிலில் போலீஸ் ஏறிக் கேட்கிறது உண்டு.

அடுக்களை

சாப்பாட்டு நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ஊருக்குள் மதியச் சமையல் 12 முதல் 2 மணி வரை, இரவு ஆறரை முதல் ஒன்பது. நடுவில் போனால் காபியும் கேக்கும்தான் கிடைக்கும். சின்னக் கடைகளையும் மதியம் அடைத்துவிடுவார்கள். பசியில் அழும் குழந்தையோடு மூன்று மணிக்குத் தெருவில் நிற்காமலிருக்க, பையில் ரொட்டியும் வாழைப்பழமும் இருக்கட்டும். மலைமேல் இருக்கும் குடில்களில் பெரும்பாலும் பகல் முழுக்க ஏதாவது கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பார்லி சூப் பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆனால் உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். க்னோடல் என்ற ரொட்டி உருண்டையில் கீரை, சீஸ் வகைகள் உண்டு. உருண்டை சைவமாக இருந்தாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். வெண்ணெய் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் சோமாசி வடிவத்தில், உள்ளே கீரையும் தயிர்ப் பாலாடைக்கட்டியும் வைத்து வேகவைத்தது. காரம் துளியும் இல்லை, குழந்தைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடும். பார்மசான் சீஸில் கன்றின் வயிற்று நொதி சேரும், கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கைசர்ஷ்மார்ன் என்ற முட்டை அப்பத்தில் திராட்சையை ரம்மில் ஊறவைத்துப் போடுவதுண்டு. குழந்தைக்கு என்றால் "சென்சா உவெத்தா" என்றால் திராட்சை இல்லாமல் வரும்.

சமையலறையோடு வீடு எடுத்தால் தயிர்சாதத்துக்குக் கவலையே இல்லை. அதே மாநிலத்தில் விபிடேனோ யோகர்ட் பேர்போனது, "பியான்கோ" அல்லது "நாட்டூர்" என்று போட்டிருப்பதை எடுங்கள், அதில் பொதுவாகச் சர்க்கரை இருக்காது. ஆர்போரியோ அரிசி ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், சிறு தீயில் 25 நிமிடம். இத்தாலியர் கண்ணில் பட்டால் வருத்தப்படுவார்கள், ஆனால் குழைந்த தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி அங்கே இல்லை.

வடக்குச்சுவர்

நாங்கள் ஜெர்மனிப் பக்கத்தால காரில போறனாங்கள், அதால கார்க்காரருக்குக் கொஞ்சம் சொல்லலாம். ஒன்றரை மீட்டருக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு இத்தாலியில சீட் கட்டாயம். இத்தாலியில வாடகைக்கு எடுக்கிற கார் எண்டால், நாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையின்ர சீட்டில மறதி எச்சரிக்கைக் கருவியும் இருக்க வேணும். சீட் கேக்கேக்க அதையும் சேர்த்துக் கேளுங்கோ.

பிராயெஸ் ஏரிக்கு ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் பகல் நேரத்தில முன்பதிவு இல்லாமல் கார் விடமாட்டினம். நாள், மணி எல்லாம் வருசத்துக்கு வருசம் கொஞ்சம் மாறும், போகமுதல் பாருங்கோ. ஏரியைச் சுத்தி மூண்டரைக் கிலோமீட்டர். மேற்குக் கரை அகலமான சமதரை, தள்ளுவண்டி சுகமாப் போகும். கிழக்குக் கரையில படிக்கட்டு. தள்ளுவண்டியோட முழுச் சுத்துக்கு வெளிக்கிட்டால் குழந்தையையும் வண்டியையும் தூக்கிக்கொண்டுதான் ஏறவேணும். மேற்குக் கரையால போய் அப்பிடியே திரும்பி வாறது புத்தி.

ட்ரே சிமே மூண்டு சிகரத்துக்கு அவுரோன்சோ குடில் வரைக்கும் வாகனம் ஏறும், அதுவே 2,320 மீட்டர். அங்கயிருந்து லவரேதோ குடில் கிட்டத்தட்ட சமனான, அகலமான கல்லுப் பாதை, ரெண்டு கிலோமீட்டருக்குள்ள. பெரிய சில்லுத் தள்ளுவண்டி போகும், சின்னச் சில்லு சரளைக்கல்லில புதையும். ஆனா படங்களில பாக்கிற அந்த வடக்குச் சுவர் அங்க நிண்டு தெரியாது. அதுக்கு 2,454 மீட்டர் கணவாய்க்கு ஏறவேணும். ஆறேழு வயசுப் பிள்ளை நடந்து ஏறும், அதுக்குக் குறைஞ்சதை முதுகில சுமக்கவேணும். முழுச் சுத்துப் பத்துக் கிலோமீட்டர், பிள்ளையளோட அஞ்சு மணித்தியாலம் வையுங்கோ.

மலைப்பாதை

மேலே சொன்ன இரண்டுக்கும் பேருந்து உண்டு, ஆனால் கோடையில் அதற்கும் இடம் பதிவு செய்ய வேண்டும். கெஸ்ட் பாஸ் இருக்கிறது என்று நிறுத்தத்தில் போய் நின்றால் ஏற்றமாட்டார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை சகஜம். கணவாயில் இருப்பவர்கள் ஒரு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். ஊரில் 24 டிகிரி என்று அரைக்கைச் சட்டையோடு ஏற்றிவிட்ட குழந்தை அவுரோன்சோவில் பதினாறு டிகிரியில், காற்றில் நடுங்கும். ஆளுக்கு ஒரு மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, மாற்றுக் காலுறை. மழைச்சட்டையைப் பையின் மேல்பக்கமே வையுங்கள்.

இடி முழங்கினால் தனி மரத்தடி, முகடு, கம்பிவேலி இவற்றை விட்டு விலகுங்கள். மேய்ச்சல் நிலத்து மெல்லிய கம்பியில் மின்சாரம் ஓடும், இளம்பிள்ளைகள் எட்டிப் பிடிக்கிற உயரத்தில்தான் இருக்கும். மின்சாரம் பாயாத கைப்பிடி உள்ள இடத்தில் மட்டும் திறந்து, தாண்டியதும் மாட்டிவிடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிக்கொண்டு போங்கள். நம்மூர்ப் பசு மாதிரி தடவிக் கொடுக்கப் போவது நம் குழந்தைகள்தான்.

மழை நாளில் ஊருக்குள் பெரிய தேவாலயத்தைப் பாருங்கள். 769-இல் பவேரியக் கோமகன் மூன்றாம் தாசிலோ தொடங்கிய மடத்திலிருந்து வளர்ந்தது, இப்போதுள்ள கட்டடம் ரோமனெஸ்க் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணி. குழந்தைகள் பத்து நிமிடம் தாங்கும்.

அடுக்களை

மருந்து: பாராசிட்டமால் அங்கே "டாக்கிபிரினா" என்ற பெயரில் கிடைக்கும். சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் செறிவு வேறு, அதனால் குழந்தையின் எடையைக் கிலோவில் சொல்லி மருந்துக்கடையிலேயே அளவை எழுதி வாங்குங்கள். புல்வெளியில் புரண்டு வந்த நாளில் இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, காதின் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கண்டால் எண்ணெய் தடவாமல், நுனிக் கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அவசரத்துக்கு எல்லையின் இரு பக்கமும் 112.