கோழிக்கூட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

"வாரம் ஒருமுறை" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் பாதி தப்பு. இடத்துக்கு இடம் கணக்கு வேறு. கோழிகள் அடையும் கம்புக்கு அடியில்தான் இரவெல்லாம் எச்சம் குவியும். அங்கே ஒரு தகரம் போட்டு மேலே மணல் தூவிவைத்தால், காலையில் சுரண்டி எடுக்க 5 நிமிடம். இது தினமும். முட்டைப் பெட்டியில் எச்சம் பட்ட வைக்கோலை அன்றன்றே எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை மொத்தமாக மாற்றினால் போதும்.

---

தரைக்கு நாள் கணக்கு வேண்டாம், ஈரத்தைப் பாருங்கள். மரச்சீவலோ உமியோ 10–15 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, வாரம் 2 முறை கிளறிவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். ஒரு கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்து விரலை விரியுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். அந்த இடத்தை மட்டும் பெயர்த்தெடுத்துக் காய்ந்த கூளம் போடுங்கள். பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் இப்படிப் பாளமாகும். பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தாலே சிந்துவது குறையும்.

ஈரத்தை விட்டுவைத்தால் இரத்தக் கழிச்சல் வரும், குஞ்சுகளுக்கு முதலில். எச்சத்தோடு வெளிவரும் அந்த நோய்க்கிருமியின் நுண்முட்டைகள், சூடும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அவை மசியாது.

---

நின்றபடி மோந்து பார்த்துவிட்டு "வாடையே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கோழி மூச்சு விடுவது தரையிலிருந்து ஒன்றிரண்டு சாண் உயரத்தில். விடியலில் கதவைத் திறந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவில் கண் கரித்தால் ஏற்கெனவே தாமதம்தான்.

அதற்காகக் கூளத்தில் சுண்ணாம்பைத் தூவாதீர்கள். காரத்தன்மை ஏறினால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். பொடி கோழியின் காலையும் கண்ணையும் அரிக்கும். சுண்ணாம்பு சுவருக்கு வெள்ளையடிக்க.

---

மொத்தமாகக் காலி செய்வது வருடம் 2 முறை, நல்ல வெயில் நாளில். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூசி அடங்கும் அளவுக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அதற்கப்புறம்தான் பிளீச்: 10 லிட்டருக்கு 300 மில்லி, 10 நிமிடம் ஊறட்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச் வீரியம் இழந்துவிடும். எச்சத்து அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுப் புகையும் வரும். முழுக்கக் காயும்வரை கோழிகளை உள்ளே விடக்கூடாது. ஈரத்தோடு அடைத்தால் கழுவாமலே இருந்திருக்கலாம்.

அள்ளிய எரு சூடு. செடிக்கு நேராகப் போட்டால் வேர் கருகும். மக்க வைத்துத்தான் போட வேண்டும்.

---

தரை பளிச்சென்று இருந்தும் கோழி இளைத்து, கொண்டை வெளுக்கிறதா? இரத்தம் குடிக்கும் செள் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புச் செள் பகலில் கோழி மேல் இருக்காது. கம்பின் நுனியிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருக்கும். இருட்டிய பிறகு வெள்ளைக் காகிதத்தால் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். சிவப்புக் கீற்று விழுந்தால் அதுதான். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளிலேயே அடுத்த தலைமுறை தயார் என்பதால், ஒருமுறை மருந்தடித்துவிட்டு நிறுத்தினால் திரும்ப வரும். கம்பைக் கழற்றி எடுக்கும்படி அமைத்தால் பாதி வேலை மிச்சம்.

---

தண்ணீர்ப் பாத்திரத்தின் உள்பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். விரலால் தடவினால் வழவழக்கும் படலம், வெறுமனே அலசினால் போகாது. பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், தினமும்.