வங்காலைப் பூநாரைகளும் மன்னார்க் கோட்டையும்: அனுபவப் பகிர்வு

வவுனியாவிலிருந்து:

பறவை, விலங்கு பார்க்க வில்பத்து, பழைய துறைமுகம் பார்க்கத் திருகோணமலை அல்லது காலி என்று வன்னிக்காரரே சொல்லிவிடுகிறார்கள். மன்னார் வீதியில் போனால் இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும். கார்த்திகை முதல் மாசி வரை போவது நல்லது.

நாங்கள் தை மாதத்தில் போனோம். திருக்கேதீச்சரச் சந்தி கழிந்ததும் வயல் குறைந்து உவர்நிலம் விரிகிறது. வங்காலைச் சரணாலயம் இதுதான். 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் ஊசிவால் வாத்துகள் நீரைக் கருமையாக மூடியிருந்தன. பூநாரைகள் வீதிக்கு மிகக் கிட்டவே நின்றன. ஒன்றை நெடுநேரம் பார்த்தேன். காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்குகிறது. பிறகு தலையை முழுவதும் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து அங்குமிங்கும் அசைக்கிறது. தண்ணீர் வடிந்து போக, சிற்றுயிரும் பாசியும் அலகில் தங்கிவிடுகின்றன. ஆழமற்ற நீர் இல்லாவிட்டால் இந்தப் பிழைப்பே இல்லை.

மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியைக் கடந்து கோட்டைக்குப் போனபோதும் அதே ஆழமற்ற கடல்தான் கண்ணில் பட்டது. பெருங்கப்பல் நுழைய முடியாத இந்த நீரில் தோணிகளும் வள்ளங்களும் ஓடின, பக்கத்தில் முத்துக்குளிப்பு. அந்த வழியையும் முத்தையும் பிடித்து வைத்திருக்கவே 1560இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினார்கள். நாற்புறமும் கொத்தளம், உள்ளே கூரையிழந்த தேவாலயம், ஒல்லாந்தர் கல்லறைக் கற்கள். மதிலில் ஏறி நின்றால், காவலர்கள் எதற்காக இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது. பள்ளிமுனையில் பெருக்கமரத்தையும் (பாவோபாப்) பார்த்துவிட்டு வாருங்கள்.

முருங்கனிலிருந்து:

அண்ணா, கட்டுக்கரைக் குளத்தை விட்டுவிட்டீர்களே! அருவியாற்று நீரைத் தேக்கம் என்னும் இடத்து அணையில் மறித்து நிரப்பும் குளம் அது. எங்கள் வயல்கள் அதை நம்பியே இருக்கின்றன. அணைக்கட்டிலிருந்து ஒருமுறை நீள்வால் இலைக்கோழி ஒன்றைக் கண்டேன். அந்த இனத்தில் முட்டையிட்டதும் பெண் போய்விடும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். பருந்தின் நிழல் விழுந்ததும் அதன் குஞ்சுகள் தாமரை இலைகளுக்கிடையே அசையாமல் பதுங்கிக்கொண்டன. ஒரு வேண்டுகோள்: அங்கே வாகனத்தில் ஹோர்ன் அடிக்காதீர்கள். ஒரு சத்தத்தில் குளம் முழுவதும் எழுந்து பறந்துவிடுகிறது.

தலைமன்னாரிலிருந்து:

துறைமுகம் பற்றிப் பேசும்போது எங்கள் இறங்குதுறையையும் சேர்க்க வேண்டும். 1914இல் தொடங்கிய தனுஷ்கோடிக் கப்பல் சேவை 1964 டிசம்பர்ப் புயலோடு அந்த வழியில் முடிந்தது. இறங்குதுறையின் துருப்பிடித்த இரும்பு இன்னும் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. நீர்க்காகங்கள் அதில் இறக்கை உலர்த்துகின்றன.

எனக்குக் கவலை தருவது வேறு. தீவின் தென்கரையில் ஏற்கெனவே 30 காற்றாலைகள் சுழல்கின்றன. இந்தப் பறவைகள் வரும் வான்வழியும் அதுதான். காற்று மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; இந்தச் சிறு தீவில் இனியும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கியபோது நானும் அவர்களோடு நின்றேன். பூநாரை பார்க்க வருகிறவர்கள் எங்கள் மீனவர்களிடமும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.